எங்கே மங்கல், ஏன் மங்கல்?

வாசகர் கேள்வி பதில்

மங்கலான படங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்த இடங்களை அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். விசா விண்ணப்பம், பழைய கலியாணப் படம், சோதனை, கண்காட்சி என்று பல பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே பிரச்சினை. 'நொற் கிளியர்' என்று எழுதிவிட்டு நிற்கிறோம். வாசிப்பவருக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மங்கல் படத்தின் எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் வந்தது என்று சொன்னால்தான் அவர் கையை வைக்கலாம். நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள். அதற்கு முதல், யாழ்ப்பாணம் நகரில் அப்பா நடத்திய ஸ்ரூடியோவின் இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழே நின்று வளர்ந்தவள். இரண்டும் இந்தப் பதில்களுக்கு உதவுகின்றன. ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்து ஆங்கில எழுத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மகளின் விசா விண்ணப்பத்தோடு அனுப்பிய படம் 'பிளேர்ட்' என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஸ்ரூடியோவில் காசு கொடுத்து எடுத்த படம். கையில் இருக்கும் பிரதி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. பதிலில் என்ன எழுதுவது?
சி. வ., கொக்குவில்

கையில் இருக்கும் பிரதி தெளிவு என்றால் எடுத்தவரில் பிழையில்லை. படம் கொம்பியூட்டருக்குப் போன வழியைப் பாருங்கள். பிரதியை மேசையில் வைத்துத் தொலைபேசியால் படம் எடுத்து அனுப்பினீர்களா? அல்லது ஸ்ரூடியோக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஏற்றினீர்களா? அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நாம் வழமையாகப் பாவிக்கும் ஜேபெக் வகைப் படம், பக்கத்துக்கு எட்டு பிக்ஸல் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்துச் சுருக்கப்படுகிறது. கூடுதலாகச் சுருக்கினால் அந்தச் சதுரங்கள் கண் இமையிலும் தலைமயிர் ஓரத்திலும் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்க்கிற அதிகாரிக்கு அது மங்கல்தான். ஸ்ரூடியோவில் மூல ஃபைலை ஈமெயிலில் கேளுங்கள். வட்ஸ்அப்தான் வழி என்றால் 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் சுருங்காது.

பதிலில் வாதாட வேண்டாம். "படம் தெளிவாகத்தான் இருக்கிறது" என்று எழுதினால் அவர்களுடைய திரையில் அது தெளிவாகாது. இரண்டு வசனம் போதும்: "த பிரீவியஸ் இமேஜ் லொஸ்ற் ஷார்ப்னஸ் வென் இற் வோஸ் கொம்பிரெஸ்ட். ஐ ஹாவ் அற்றாச்ட் த ஒரிஜினல் ஃபைல் ஃப்ரம் த ஸ்ரூடியோ." முன்னைய படம் சுருக்கியபோது கூர்மையை இழந்தது, மூல ஃபைலை இணைத்திருக்கிறேன் என்று அர்த்தம். காரணத்தைச் சொல்லித் தீர்வையும் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

எந்த அளவில் படம் கேட்கிறார்கள் என்பதையும் ஒருதரம் பாருங்கள். எங்கள் கடவுச்சீட்டுப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர். கனடாவின் நிரந்தர வதிவிட அட்டைக்கு 50க்கு 70. சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஏற்றினாலும் மங்கல் என்றுதான் திரும்பி வரும்.

என் பேத்தி ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள். 1968இல் எடுத்த எங்கள் கலியாணப் படத்தை அங்கே பழைய படங்களைத் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள். என் மனைவியின் முகம் மட்டும் மங்கல். அவர் இப்போது இல்லை. 'போட்டோ இஸ் நொற் கிளியர்' என்று நான் எழுதியதற்கு, எந்த இடம், என்ன மாதிரி என்று கேட்டிருக்கிறார்கள். அசல் படம் என்னிடம்தான் இருக்கிறது. அவர்களிடம் உள்ளது தொலைபேசியில் எடுத்த படம். என்ன எழுதலாம் ரீச்சர்?
க. த., உரும்பிராய்

ஐயா, அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. கேட்காமல் வேலையைத் தொடங்குபவரிடம்தான் பயப்பட வேண்டும். பகல் வெளிச்சம் வரும் யன்னலருகே, ஒரு பூதக்கண்ணாடியோடு ஆறுதலாக இருங்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் முகத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். கூறைச்சேலைக் கரை, தாலிக்கொடி, உங்கள் தலைப்பாகை, பின்னால் மணவறை. இவற்றில் எது கூர்மை? உங்கள் மனைவியின் சேலையும் மாலையும் கூர்மையாக இருந்து முகம் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்ட மாதிரித் தெரிந்தால், படம் பிடிக்கும் நேரத்தில் அவர் தலையை அசைத்திருக்கிறார். அசைவால் வரும் மங்கலுக்குத் திசை உண்டு. மூக்குத்தி ஒரு புள்ளியாக இல்லாமல் சிறு கோடாக இருக்கும். அதுதான் நல்ல அடையாளம். அப்படியென்றால்: "ஹேர் ஃபேஸ் இஸ் பிளேர்ட் பிகோஸ் ஷி மூவ்ட். த சாரி அன்ட் த கார்லன்ட் ஆர் ஷார்ப்."

அவர் முழுவதும் மங்கல், பின்னால் இருக்கும் மணவறைச் சோடனை கூர்மை என்றால், கமரா அவரில் ஃபோகஸ் ஆகவில்லை. இந்த மங்கலுக்குத் திசை இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவியிருக்கும். அதற்கு "அவுட் ஒஃப் ஃபோகஸ்" என்று எழுத வேண்டும். படம் முழுக்க, உங்கள் முகம் உட்பட, ஒரே திசையில் இரட்டிப்பாகத் தெரிந்தால் கமரா ஆடியிருக்கிறது. அது "கமரா ஷேக்".

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். கலியாண வீட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்ததா, அல்லது பிறகு ஸ்ரூடியோவுக்குப் போய் எடுத்ததா? ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு செக்கனில் மிகச் சிறிய பங்குக்குத்தான் விழும். அதில் தலை அசைவு பதிவது குறைவு. ஸ்ரூடியோவில் பெரிய மின்குமிழ்களின் வெளிச்சத்தில், கமராவுக்குள் வெளிச்சம் விடும் ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடி எடுத்த படங்களில்தான் அசைவு கூட. புது மணப்பெண்ணைக் கமராவுக்கு முன்னால் அசையாமல் இருக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்பா சொல்வார். கூச்சத்தில் தலை தானாகக் குனியும்.

பூதக்கண்ணாடி கையில் இருக்கும்போதே படத்தின் மணிகளையும் பாருங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை உற்றுப் பார்த்தால் நுண்ணிய மணல் போட்ட மாதிரி ஒரு பரவல் தெரியும். ஆங்கிலத்தில் அது 'கிரெயின்'. மணிகள் கூர்மையாக இருந்து முகம் மங்கல் என்றால் மங்கல் நெகற்றிவிலேயே இருக்கிறது. மணிகளும் சேர்ந்து மங்கல் என்றால், நெகற்றிவ் நன்றாக இருந்தும் இருட்டறையில் பிரதி போடும்போது என்லாஜரின் (நெகற்றிவைப் பெரிதாக்கிப் பிரதி போடும் கருவி) ஃபோகஸ் பிசகியிருக்கலாம். அப்படியானால் வீட்டுப் பெட்டிகளில் நெகற்றிவைத் தேடுங்கள். அது கிடைத்தால் புதுப் பிரதி போடலாம், திருத்தவே தேவையில்லை.

இவை எடுக்கும்போதும் அச்சிடும்போதும் வந்தவை. பிறகு வந்தவையும் உண்டு. எங்கள் அல்பங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனவை, பொலித்தீன் பையில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனவை, திரும்பி வந்து தோண்டி எடுத்தவை. ஈரம் பட்டுப் பிசுபிசுத்த இடத்துக்கு "வோட்டர் ஸ்ரெயின்". பூஞ்சணம் பிடித்து வலை மாதிரிப் படர்ந்ததற்கு "ஃபங்கஸ்". வெளிறிப் போனதற்கு "ஃபேடட்". ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதற்கு "ஸ்ரக் ரு த கிளாஸ்". ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து அப்படியே ஸ்கான் பண்ணலாம். இந்தச் சேதங்களில் பெரும்பாலானவற்றைத் திருத்துபவரால் சரிசெய்ய முடியும். ஆனால் படச்சுருளில் பதியாத முகத்தை யாராலும் கொண்டுவர முடியாது.

இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மங்கலான முகத்தைக் கணத்தில் கூர்மையாக்கித் தருகின்றன. அவை உங்கள் மனைவியின் முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை. ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகி, இந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தைச் செய்து வைக்கின்றன. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான அப்படியொரு நிரலுக்கு பராக் ஒபாமாவின் மிகச் சிறிய, சதுரம் சதுரமாகத் தெரியும் படத்தைக் கொடுத்தார்கள். அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தந்தது. உங்கள் பேத்தி அம்மம்மாவை நேரில் பார்த்தாளோ தெரியாது. செய்து வைத்த ஒரு முகத்தை அம்மம்மா என்று நினைத்து அவள் வளர்வதை நான் விரும்பமாட்டேன். ஆகவே இதையும் எழுதுங்கள்: "பிளீஸ் ரிப்பெயர் த ஸ்ரெயின்ஸ் அன்ட் கிராக்ஸ் ஒன்லி. பிளீஸ் டூ நொற் கிரியேற் எ நியூ ஃபேஸ்." கறையையும் வெடிப்பையும் மட்டும் திருத்துங்கள், புது முகம் உருவாக்க வேண்டாம்.

அசலை கனடாவுக்கு அனுப்ப வேண்டாம். நகரில் நல்ல ஸ்கானர் உள்ள இடத்தில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கான் பண்ணி அந்த ஃபைலை அனுப்புங்கள். அதே ஆட்களின் வேறு படம் ஏதாவது, அவருடைய அடையாள அட்டைப் படம்கூட, இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பட்டம் விடும் திருவிழாவில் எடுத்த படங்களை இணையத்தில் போடுகிறேன். பின்னணி மங்கலாக இருந்தால் 'பொக்கே' என்று எழுதலாமா?
ஜெ., வல்வெட்டித்துறை

எழுதலாம் தம்பி, லென்ஸால் வந்த மங்கல் என்றால். பொக்கே யப்பானியச் சொல். ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் பகுதி எவ்வளவு அழகாகக் கரைகிறது என்பதைச் சொல்ல அது ஆங்கிலத்துக்குப் போனது. பட்டம் கூர்மை, பின்னால் சனக்கூட்டம் வட்ட வட்டமாகக் கரைந்திருக்கிறது என்றால் அது பொக்கே. பட்டமே இழுபட்டுத் தெரிந்தால் அது "மோஷன் பிளேர்". பட்டத்தோடு சேர்த்துக் கமராவைத் திருப்பி எடுத்து, பட்டம் கூர்மையாகவும் பின்னணி கோடுகோடாகவும் வந்திருந்தால் "பானிங்". மூன்றையும் பொக்கே என்று போட்டால் தெரிந்தவர்கள் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்கள். பட்டத்தை உறையவைத்து எடுக்க வேண்டும் என்றால் ஷட்டரை ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒன்று அளவுக்கு வைத்துப் பாருங்கள்.

டுவோலிங்கோ ஆங்கிலச் சோதனைக்கு ஆயத்தம் செய்கிறேன். படத்தைப் பார்த்து எழுதும் பகுதியில் பின்னணி தெளிவில்லாமல் இருந்தால் அதைப் பற்றி எழுதாமல் விடுவதா? பிழையாகச் சொன்னால் புள்ளி குறையுமோ என்று பயம்.
ம. நி., மானிப்பாய்

விடவேண்டாம் பிள்ளை. தெளிவில்லாத பின்னணி உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. எழுத ஒரு நிமிடம்தான் தருவார்கள். எல்லோரும் முன்னால் இருக்கும் ஆளையும் அவர் உடுப்பையும் எழுதுவார்கள். மங்கலான இடத்தைப் பற்றி நிதானமாக ஒரு வசனம் எழுதினால் உங்கள் ஆங்கிலம் தனித்துத் தெரியும்.

பயத்துக்கு மருந்து ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எவ்வளவு நிச்சயமோ அவ்வளவுக்குச் சொல்ல அதில் படிகள் உண்டு. நன்றாகத் தெரிந்தால் "தெயர் இஸ் எ மான்". கிட்டத்தட்ட நிச்சயம் என்றால் "தெயர் அப்பியேர்ஸ் ரு பி எ மான்". பாதி நிச்சயம் என்றால் "இற் லுக்ஸ் லைக் எ பஸ் ஸ்ரான்ட்". ஊகம் மட்டும் என்றால் "இற் குட் பி எ மார்க்கற்". எதுவுமே தெரியவில்லை என்றால் "த பக்கிரவுண்ட் இஸ் ரூ பிளேர்ட் ரு மேக் அவுட்". இந்தக் கடைசி வசனத்தில் உள்ள 'மேக் அவுட்' என்பதைப் பழகிக்கொள்ளுங்கள். கண்டு விளங்கிக்கொள்வது என்று அர்த்தம். பேச்சிலும் எழுத்திலும் இயல்பாக வரும்.

எங்கள் பிள்ளைகள் பொதுவாக முதலாம் படியிலேயே எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். சாதாரண தர வகுப்பில் படம் பார்த்து வசனம் எழுதப் பழக்கும்போது 'இதில் என்ன இருக்கிறது' என்று மட்டும் கேட்கிறோம். 'உனக்கு எவ்வளவு நிச்சயம்' என்று கேட்பதில்லை. தினமும் ஒரு பழைய பத்திரிகைப் படத்தை எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் ஐந்து படியையும் பாவித்து எழுதிப் பாருங்கள். பத்திரிகைப் படங்கள் தாமாகவே மங்கல், தேடி அலையத் தேவையில்லை. பியர்சன் (பிரிஈ) என்ற மற்ற ஆங்கிலச் சோதனைக்குப் போவது என்றால் அங்கே படத்தைப் பார்க்க 25 செக்கன், பேச 40 செக்கன். அங்கே கூடுதலாக வருவது வரைபுகளும் வரைபடங்களும். அவற்றில் மங்கல் பிரச்சினை குறைவு.

பல்கலைக்கழக ஆய்வுக்காகப் பழைய பத்திரிகைகளின் ஸ்கான் பிரதிகளைப் பார்த்து ஆங்கிலத்தில் விபரக்குறிப்பு எழுதுகிறேன். பல பக்கங்கள் மங்கல். எல்லாவற்றுக்கும் 'பிளேர்ட்' என்று எழுதுகிறேன். வழிகாட்டுநர் போதாது என்கிறார்.
மாணவி, திருநெல்வேலி

உங்கள் வழிகாட்டுநர் சொல்வது நியாயம். பத்திரிகைப் பக்கத்தில் நாம் மங்கல் என்று சொல்வதற்குள் பல வேறு நோய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து.

ஸ்கான் பண்ணும்போது தாள் மேலெழும்பியதால் எழுத்துகள் கரைந்திருந்தால் "பிளேர்ட் ஸ்கான்". இது திரும்ப ஸ்கான் பண்ணினால் சரியாகும். அச்சு இயந்திரத்தில் மை இழுபட்டிருந்தால் "ஸ்மட்ஜ்ட் இங்க்". அது அந்தத் தாளிலேயே உள்ளது, எத்தனை தரம் ஸ்கான் பண்ணினாலும் மாறாது. மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் ஊடுருவித் தெரிந்தால் "ஷோ துரூ". தாளுக்குப் பின்னால் கறுப்புக் கடதாசி வைத்து ஸ்கான் பண்ணினால் அது குறையும். ஃபைல் சின்னதாக இருப்பதால் எழுத்து படிக்கட்டு மாதிரி உடைந்தால் "பிக்ஸலேற்றட்" அல்லது "லோ ரெசொலூஷன்". பெரிய ஃபைலைக் கேட்டுப் பெறலாம். ஒரே சொல்லை எழுதினால், திரும்ப ஸ்கான் பண்ணினால் மீளக்கூடிய பக்கத்துக்கும் மீளவே முடியாத பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். உங்களுக்குப் பிறகு வருகிறவர் எதைத் தேடிப் போவது?

இடத்தையும் சொல்லுங்கள். "த அப்பர் லெஃப்ற் கோலம் இஸ் இல்லெஜிபிள், த ரெஸ்ற் ஒஃப் த பேஜ் கான் பி ரெட்." இடப்பக்க மேல் பத்தி வாசிக்க முடியாது, மிச்சத்தை வாசிக்கலாம். பாதி தெரிந்தால் "பார்ஷலி லெஜிபிள்".

ஊகித்து எழுத வேண்டிய இடத்தில் ஊகம் என்று காட்டுங்கள். ஓர் ஆளின் பெயரில் முதல் இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது என்றால், தெரிந்ததை எழுதி, தெரியாத இடத்துக்குப் புள்ளிகள் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆள் என்பதற்காகப் பெயரை முழுமையாக்க வேண்டாம். 1841இல் இங்கே தொடங்கிய உதயதாரகை தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வந்த பத்திரிகை. அதைப் போன்ற பழைய இதழ்களில் தமிழ்ப் பத்தி மங்கலாக இருக்கும் இடத்தில் ஆங்கிலப் பத்தியைப் பார்த்து நிரப்பத் தோன்றும். இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். பார்த்தது எது, நிரப்பியது எது என்று பிரித்து எழுதுங்கள்.

இதில் நான் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவான நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அதற்குப் பிறகு பல பத்திரிகைகளுக்கு யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் இருந்த பிரதிதான் மிச்சம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் அப்படி மீண்ட எத்தனையோ பக்கங்களை இன்று பார்க்கலாம். அந்தப் பக்கம் மங்கலாக இருந்தால் அந்த மங்கல்தான் எங்களிடம் இருக்கும் ஆதாரம். ஊகத்தை ஆதாரமாக எழுதிவிட்டால் பிறகு யாராலும் திருத்த முடியாது.

காணாமல் ஆக்கப்பட்ட என் தம்பியின் படம் ஒன்றுதான் இருக்கிறது. பாடசாலைக் குழுப்படத்தில் அவன் முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்தது. பெருப்பித்ததால் மங்கல். ஒரு விண்ணப்பத்தோடு படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சில வரி எழுதித் தரச் சொல்கிறார்கள்.
பெயரும் ஊரும் வேண்டாம்

தங்கச்சி, உங்களிடம் இரண்டு விதமான செய்தி இருக்கிறது. படத்தில் தெரிவது ஒன்று. உங்களுக்குத் தெரிந்தது இன்னொன்று. இரண்டையும் வேறு வேறு பந்தியில் எழுதுங்கள். முதலாவதில் படத்தைப் பற்றி மட்டும்: "திஸ் இஸ் என் என்லாஜ்ட் பார்ட் ஒஃப் எ ஸ்கூல் குரூப் போட்டோ. ஹிஸ் ஃபேஸ் இஸ் நொற் ஷார்ப் பிகோஸ் ஒஃப் த என்லாஜ்மென்ற்." பெருப்பித்ததால் கூர்மை குறைந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்போது படத்தின் மங்கலை வைத்து யாரும் உங்கள் சொல்லைச் சந்தேகிக்க மாட்டார்கள். பிறகு எந்த வருடம், எந்தப் பாடசாலை, அவனுக்கு அப்போது என்ன வயது, எத்தனையாவது வரிசையில் இடப்பக்கமிருந்து எத்தனையாவது ஆள் என்று எழுதுங்கள். வயது முக்கியம். படத்தில் இருப்பது பள்ளிப் பையன். காணாமல் போனபோது அவன் அதைவிட மூத்தவன்.

இரண்டாவது பந்தியை "இன் அடிஷன், வீ ரிமெம்பர்" என்று தொடங்குங்கள். காயத் தழும்பு, உடைந்த பல், மச்சம், உயரம், எந்தக் கை வழக்கம், கண்ணாடி போட்டவனா என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். படத்தில் தெரியாவிட்டாலும் இவற்றுக்குப் பெறுமதி உண்டு. படத்தில் தெரிவதாக மட்டும் எழுத வேண்டாம்.

வெட்டிய துண்டோடு முழுக் குழுப்படத்தின் ஸ்கானையும் கொடுங்கள். பக்கத்தில் நின்ற பையன்களில் யாராவது இன்று எங்கேயாவது இருப்பார்கள், அவர்களிடம் இதே படத்தின் இன்னும் நல்ல பிரதி இருக்கலாம். பாடசாலைச் சுவரிலும் இருக்கலாம், அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். முகத்தைக் கூர்மையாக்கித் தருகிறோம் என்று யாரும் சொன்னால் மறுத்துவிடுங்கள். உரும்பிராய் ஐயாவுக்கு மேலே சொன்ன காரணம் இங்கே இன்னும் பெரிது. அசல் படத்தை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வர வேண்டாம். எழுதியதை அனுப்புவதற்கு முதல் என்னிடம் காட்ட விரும்பினால் இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், உடனே பார்த்துத் தருவேன்.

பார்வையற்ற மாணவர்களும் வாசிக்கும் ஆங்கில மலர் ஒன்று தயாரிக்கிறோம். படங்களுக்கு விபரணை எழுதும்போது படம் மங்கல் என்பதையும் சொல்ல வேண்டுமா?
ஆசிரியர், சாவகச்சேரி

மங்கலால் படத்தின் செய்தி மாறினால் மட்டும் சொல்லுங்கள். பரிசளிப்பு விழாவில் பின்னால் இருக்கும் கதிரைகள் மங்கல் என்பது வாசிப்பவருக்குத் தேவையில்லை. ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்த பிள்ளை வேகத்தில் மங்கலாகிப் பதிந்திருக்கிறாள் என்றால் அதுதான் படமே: "த வினர் இஸ் எ பிளேர் ஒஃப் மோஷன் அட் த ஃபினிஷிங் லைன்". யார் என்று முகம் தெரியாத படத்துக்கு, நீங்கள் நேரில் நின்றதால் பெயர் தெரியும் என்றால், பெயரைச் சொல்லுங்கள். அந்த மாணவரும் தன் நண்பர்களைப் பெயரால்தானே அறிவார். 'இமேஜ் ஒஃப்' என்று தொடங்கத் தேவையில்லை, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத் தானே சொல்லிவிடும்.

கடற்கரையில் மீனவர்கள் வலை இழுப்பதை வேண்டுமென்றே மங்கலாக எடுத்திருக்கிறேன். கண்காட்சிக்கு ஆங்கிலத்தில் குறிப்பு வைக்க வேண்டும். 'பிழைத்த படத்துக்கு என்ன குறிப்பு' என்று ஒரு நண்பர் கேட்கிறார். மனம் சோர்ந்துவிட்டது.
இ. ச., பருத்தித்துறை

சோர வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவரின் கல்லறை எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. யூலியா மார்கரெட் கமரன், கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு படம் எடுக்கத் தொடங்கினார். கண்ணாடித் தகட்டில் பல நிமிடம் வெளிச்சம் விட்டு எடுத்த முகங்கள். விளிம்புகள் கரைந்திருக்கும், கண்ணில் மட்டும் உயிர் நிற்கும். ஃபோகஸ் தெரியாதவர், கவனமில்லாதவர் என்று அக்காலத்துப் படக் கலைஞர்கள் எழுதினார்கள். எது சரியான ஃபோகஸ் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று அவர் 1864இல் வானியலாளர் ஜோன் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் குடும்பத்தோடு இங்கே வந்து, தோட்டத் தொழிலாளர்களையும் கிராமத்துப் பெண்களையும் எடுத்தார். 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் உள்ள சென்ற் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை விமர்சித்தவர்களில் எத்தனை பேரின் பெயர் இன்று எங்களுக்குத் தெரியும்?

உங்கள் குறிப்பில் 'அவுட் ஒஃப் ஃபோகஸ்' என்று எழுத வேண்டாம். ஆங்கிலத்தில் அது குறையைச் சொல்லும். லென்ஸால் மென்மையாக்கியது என்றால் "சொஃப்ற் ஃபோகஸ்". ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து அசைவைப் பதித்தது என்றால் "லோங் எக்ஸ்போஷர்". கமராவை நீங்களே அசைத்தீர்கள் என்றால் "இன்ரென்ஷனல் கமரா மூவ்மென்ற்". எதைச் செய்தீர்களோ அதை மட்டும், எத்தனை செக்கன் என்பதோடு, எழுதுங்கள். 'த பியூற்றி ஒஃப் லேபர்' மாதிரி வர்ணனைகள் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "ஃபிஷர்மென் ஹோலிங் எ நெற், பொயின்ற் பெட்ரோ. லோங் எக்ஸ்போஷர், ரூ செக்கன்ட்ஸ்." கீழே உங்கள் பெயரும் வருடமும். கண்காட்சி எங்கே, எந்தத் திகதி என்று நீங்கள் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், நான் வருகிறேன்.